தழும்பு சின்னது, சாப்பாடு பெரிய வேலை

"எத்தனை ஓட்டை போடுவாங்க சிஸ்டர்?" என்றுதான், உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு வரும் பெற்றோர்கள் முதலில் கேட்பார்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். நான்கைந்து என்பேன், கழுத்தில் ஒரு கீறலும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். கேமரா ஆபரேஷன் என்றால் கழுத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி வருபவர்கள் நிறைய.

இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களில், உணவுக்குழாய் பிறவியிலேயே இரண்டு துண்டாக இருந்து, இடைவெளி அதிகமென்பதால் இணைக்க முடியாத குழந்தைகள் ஒரு பக்கம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பாத்ரூம் ஆசிடைக் குடித்துக் குழாய் சுருங்கிப்போனவர்கள் இன்னொரு பக்கம். (அந்த பாட்டிலில் ஆசிட் விற்பவர்களை என்ன திட்டினாலும் தகும்.) இரைப்பையையே மேலே கொண்டுபோய்க் கழுத்தில் தைக்கும் முறையை 1980களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் லூயிஸ் ஸ்பிட்ஸ் குழந்தைகளுக்குப் பரவலாக்கினார். அன்று வயிற்றைத் திறந்து செய்ததை இப்போது லேப்ராஸ்கோப்பியில், அதாவது கேமரா ஆபரேஷனாக, செய்ய முடிகிறது. வலப்பக்க ரத்தக்குழாய்களை விட்டுவைத்து இரைப்பையை விடுவித்து, இதயத்துக்குப் பின்னால் வழி உண்டாக்கி மேலே இழுக்கிறார்கள். வயிற்றில் பெரிய காயம் இல்லாததால் பிள்ளை நன்றாக மூச்சிழுத்து இருமும். என்னைக் கேட்டால் தழும்பைவிட அதுதான் லாபம்.

பிறவிக் குறையுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் நாள்வரை எச்சில் வெளியேறக் கழுத்தில் ஒரு துளையும், பால் செலுத்த வயிற்றில் ட்யூபும் இருக்கும். ட்யூபில் பால் போகும்போதே வாயிலும் கொஞ்சம் கொடுக்கச் சொல்வோம். கொடுத்தது அப்படியே கழுத்துத் துணியில் வழிந்துவிடும். "வீணாப் போறதுக்கு எதுக்கு சிஸ்டர்?" என்பார்கள் அம்மாக்கள். குழைத்த பருப்புச் சாதம் மஞ்சளாகத் துணியில் இறங்குவதைப் பார்க்க அவர்களுக்கு மனசு கேட்காது. ஆனால் சப்புவதும் விழுங்குவதும், வாயில் போட்டால் பசி அடங்கும் என்பதும் பிள்ளைக்கு அப்போதுதான் பழகும். இதை விட்டுவிட்ட வீடுகளில், எல்லாம் சரியான பிறகும் ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். பழைய காட்டன் சேலையைக் கிழித்து நிறைய துணி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததும் மாற்றாவிட்டால் தோல் புண்ணாகிவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்துக் கட்டில் எச்சில் கசிந்தால் உடனே சொல்லுங்கள்; பதற வேண்டாம், பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். பின்னாளில் சோறு சிக்கினால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். டைலட்டேஷன் செய்து அகலப்படுத்துவார்கள்.

வீட்டுக்குப் போனபின் சண்டையெல்லாம் நிறைய ஊட்டப் பார்க்கும் பாட்டிகளோடுதான். நெஞ்சுக்குள் போன இரைப்பை முன்போல் கொள்ளாது. ஒரு நாளைக்கு ஆறேழு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, உட்காரவைத்துக் கொடுங்கள். தெம்புக்கென்று குளுக்கோஸ் தண்ணீரோ ஜூஸோ ஊற்றினால், சர்க்கரை மடமடவென்று குடலில் இறங்கிச் சில பிள்ளைகள் வியர்த்து, வெளுத்து, துவண்டுவிடும். சாப்பிட்டவுடன் படுக்கவைக்காதீர்கள். இரவில் தலையணை மட்டும் போதாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் காய்ச்சலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சுக்குள் காற்றும் நீரும் தெரியும். விவரம் தெரியாத டாக்டர் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதென்று ஊசி போட்டு எடுக்க யோசிக்கலாம். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், இவனுக்கு இரைப்பை நெஞ்சுக்குள்ள இருக்கு."