மனம் திறக்க ஒரு வழி

வீட்டில் சொல்ல முடியாதவற்றைப் பிள்ளைகள் மனத்திற்குள் பூட்டி வைக்கின்றனர். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக 1984ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 'டிங்கிள் ஃபிரண்ட்' எனும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. இன்று இணையம்வழி எழுதியும் உரையாடலாம்.

நேரில் சொல்லக் கூசும் பிள்ளை, எழுத்தில் எளிதாகச் சொல்லிவிடும். மறுமுனையில் இருப்பவர் கண்டிப்பதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார். சொன்னதை இரகசியமாகக் காப்பதே ஆலோசனையின் பொது நெறி. உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்களில் பிறர் உதவி நாடப்படும்.

பெற்றோரே, "அந்நியரிடம் வீட்டு விஷயமா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். உதவி தேடுவது குடும்ப மானத்திற்கு இழுக்கன்று. ஆயினும் எந்த ஆலோசகரும் பெற்றோருக்கு ஈடாகார். நாள்தோறும் பத்து நிமிடம், மதிப்பெண்களைப் பற்றி விசாரிக்காமல், பிள்ளை பேசுவதை மட்டும் கேளுங்கள்.