டிஎன்டி போட்டும் கால் வருதா? அந்த ‘ஐ அக்ரீ’யை ஞாபகப்படுத்திப் பாருங்க

மீட்டிங் நடுவுல போன் அடிக்கும். அவசரமா எடுத்தா, “சார், உங்களுக்கு 5 லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு லோன்...” சம்பள அக்கவுண்ட் ஆரம்பிச்ச ஆறே மாசத்துல எல்லாருக்கும் இது பழகிடும். நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி: “டிஎன்டி போட்டாச்சு, அப்பவும் ஏன் கால் வருது?”

டிஎன்டி போடறது சுலபம். 1909-க்கு கால் பண்ணலாம், இல்லன்னா ஆங்கிலத்துல ‘ஸ்டார்ட் 0’ன்னு எஸ்எம்எஸ் அனுப்பலாம். டிராய் நடத்துற டிஎன்டி ஆப்லயும் செய்யலாம். ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. ஒரு கம்பெனிக்கு நீங்களே சம்மதம் கொடுத்திருந்தா, டிஎன்டி இருந்தாலும் அந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிடலாம். ‘ஃப்ரீயா கிரெடிட் ஸ்கோர் பாருங்க’ன்னு சொன்ன ஆப்ல, படிக்காமலே ஒரு டிக் போட்டீங்களே, அதுதான் அந்தச் சம்மதம். அதனால டிஎன்டி-யோட நிறுத்தாதீங்க. எந்த பேங்க், எந்த ஆப் தொல்லை பண்ணுதோ, அவங்களுக்கு மெயில் போட்டு “விளம்பர அழைப்புக்கான என் சம்மதத்தை வாபஸ் வாங்குறேன்”னு எழுத்துல சொல்லுங்க. வாய்வார்த்தையா சொன்னா நாளைக்குக் காட்ட எதுவும் இருக்காது.

சாதாரண 10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து விளம்பர கால் வந்தா கதை வேற. பதிவு பண்ண டெலிமார்க்கெட்டர் 140-ல ஆரம்பிக்கிற நம்பர்ல இருந்துதான் விளம்பரம் பண்ணணும். பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனிகளோட சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை. 2025 பிப்ரவரியில டிராய் விதிகளைத் திருத்தினதுக்கு அப்புறம், பதிவு பண்ணாத ஆள் மேல புகார் கொடுக்க நீங்க டிஎன்டி-யில இருக்கணும்னு அவசியமே இல்லை. நம்பர், தேதி, என்ன பேசினாங்கன்னு ஒரு வரி போதும். கால் வந்த 7 நாளுக்குள்ள கொடுத்துடணும், முன்னாடி இது 3 நாள்தான். 10 நாளைக்குள்ள ஒரே ஆள் மேல 5 புகார் வந்தாலே நடவடிக்கை ஆரம்பிக்கும். நம்மல்ல பல பேர் பிளாக் பண்ணிட்டு விட்டுடறோம். அதுல உங்க போன் மட்டும்தான் தப்பிக்குது, அவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போயிடுவார்.

தொல்லையோட முடிஞ்சா பரவாயில்லை, சில சமயம் பணமும் போகும். என் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு பொண்ணு, காலை சீக்கிரம் முடிக்கணும்னு “ம்... சரிங்க, சரிங்க”ன்னு சொல்லியிருக்கா. கிரெடிட் கார்டுல ஹெல்த் பாலிசி பிரீமியம் 14,200 ரூபாய் போயிடுச்சு. பாலிசி பிடிஎஃப் மெயில்ல வந்து கிடந்ததையே அவ பார்க்கலை. கார்டு ஸ்டேட்மென்ட் வந்தப்பதான் என்கிட்ட ஓடி வந்தா.

நான் கேட்ட முதல் கேள்வி, “பாலிசி மெயில் எந்தத் தேதி வந்துச்சு?” எண்ணிப் பார்த்தா 22-வது நாள். அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ உள்ள தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிகளுக்கு, ஆவணம் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. பிடிக்கலைன்னா அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம். கவரேஜ்ல இருந்த நாட்களுக்கான தொகை, ஸ்டாம்ப் டூட்டி, மெடிக்கல் செக்கப் பண்ணியிருந்தா அந்தச் செலவு, இவ்வளவுதான் கழிப்பாங்க.

அன்னைக்கே ‘ஃப்ரீ லுக் கேன்சலேஷன்’னு தலைப்பு போட்டு மெயில் அனுப்ப வெச்சேன். மறுநாள் கால் வந்துச்சு: “மேடம், நல்ல பாலிசி, ஒரு வருஷம் வெச்சுப் பாருங்களேன்...” அவ சொன்ன ஒரே பதில், “மெயில்ல பதில் போடுங்க.” அதுக்கும் மசியலைன்னா ஐஆர்டிஏஐ-யோட ‘பீமா பரோசா’ போர்ட்டல்ல புகார் போட ரெடியா இருந்தோம். தேவைப்படலை. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மீதிப் பணம் கார்டுக்கே திரும்பி வந்துடுச்சு.

இன்னொண்ணு. “ஐஆர்டிஏஐ-ல இருந்து பேசறோம், உங்க பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு”ன்னு யாராவது கூப்பிட்டா அது மோசடி. ஐஆர்டிஏஐ யாருக்கும் போனஸ் கொடுக்கிறதில்லை, பாலிசி விக்கிறதும் இல்லை. பணம் போயிடுச்சுன்னா 1909 உதவாது. உடனே 1930-க்கு அடிங்க.