லாஸ்ட் தெரிந்தவருக்குக் கிட்டார் கழுத்து

கேள்வி: ஐயா, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் பிரிவில் கம்ப்யூட்டர் டிசைன் வேலை பார்க்கிறேன். கிட்டார் வாசிப்பேன், நண்பர்களின் கிட்டார்களுக்குச் சின்ன ரிப்பேரும் பார்ப்பேன். மாமா பையனின் மரப்பட்டறையில் வாசல் கதவும் பூஜையறைக் கதவும் செதுக்கும் சிஎன்சி ரூட்டர் இருக்கிறது. இரவில் சும்மாதான் நிற்கும். அதில் அக்கூஸ்டிக் கிட்டார் செய்யலாமா? எந்தெந்தப் பாகத்தைச் செய்யலாம்? அப்படிச் செய்ததைக் கைவேலை என்று சொல்லி விற்கலாமா? ஒருவர் செம்மரம் வாங்கித் தருகிறேன் என்கிறார், அது ஆகுமா?
— வாசகர், அணைக்கட்டு

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். செம்மரம் வேண்டாம். இசைக்கு ஆகாத மரம் என்பதால் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் சாமிசென் வாத்தியத்தின் கழுத்துக்கு அதைத்தான் உசத்தி என்கிறார்கள். ஆனால் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் உங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த மரம் யார் கை மாறி வருகிறது என்று தெரியாமல் தொடாதீர்கள். உலகம் முழுக்கக் கிட்டாரின் முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் போவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, அதாவது தோதகத்தி. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி பிரேசில் ஈட்டி கிடைக்காமல் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதையும் வனத்துறை ஏலத்தில் எடுத்த சா மில்லில், பில்லும் போக்குவரத்து அனுமதியும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இனி மெஷின். உங்களிடம் பாதித் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. தாமஸ் பிளான்ச்சர்ட் என்ற அமெரிக்கர் 1819-இல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு மாதிரியைத் தடவிக்கொண்டே அதேபோல இன்னொன்றை வெட்டித் தரும் இயந்திரம் அது. துப்பாக்கிக் கட்டைக்காகச் செய்தது, ஷூ தைக்க வைக்கும் கால் வடிவக் கட்டையான லாஸ்டுக்கும் போனது. நேர்கோடே இல்லாத வடிவத்தை ஒன்றுபோல் ஒன்றாக வெட்டுவதுதான் அங்கே பிரச்சினை. கிட்டார் கழுத்திலும் அதேதான். லாஸ்டை எந்தப் புள்ளியை வைத்துப் பிடிக்கிறார்கள், இடது வலது எப்படி மாறாமல் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பழக்கம் இங்கே அப்படியே உதவும்.

கழுத்தை இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். முதலில் ஃபிங்கர்போர்டு ஒட்டும் தட்டை முகத்தையும் கழுத்து வளையாமல் தாங்கும் கம்பியான டிரஸ் ராடு போகும் 6 மி.மீ. பள்ளத்தையும் வெட்டுங்கள். அதே பிடியில், கழிவாகப் போகும் இடத்தில், நடுக்கோட்டின் மேல் இரண்டு துளை போடுங்கள். மெஷின் மேசையிலும் அதே இடத்தில் இரண்டு பின் நிற்கட்டும். கட்டையைத் திருப்பி அந்தப் பின்களில் உட்காரவைத்தால் முதுகு வளைவு நடுக்கோட்டை விட்டு நகராது. திருப்பும்போது கண்ணால் பார்த்து ஒட்டவைக்கிறவர்களின் கழுத்து ஒரு பக்கம் தடித்துத்தான் வரும். இன்னொன்று: ஒரே மூச்சில் கடைசி அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். சில மி.மீ. மிச்சம் வைத்து முரட்டு வெட்டு வெட்டி, சில வாரம் சும்மா கிடக்க விடுங்கள். உள்ளே அடைபட்ட இறுக்கம் தளர்ந்து கட்டை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு இறுதி வெட்டு. அதிலும் அரை மி.மீ. விட்டுவைத்து ஸ்கிரேப்பரால் முடியுங்கள். கட்டையைப் பிடிக்கும் கிளாம்புக்கு அடியில் வைக்கத் தோல் துண்டு தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை.

மெஷினுக்கு மிகவும் பொருந்துவது ஃபிங்கர்போர்டு. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம், தீர்ப்புச் சொல்வது காது. கிட்டாரில் அந்த வசதி கிடையாது. மரத்தில் அறுத்த பள்ளம் அறுத்ததுதான். அதனால் கணக்கு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். தந்தி நீளம் 650 மி.மீ. என்றால் அதை 17.817-ஆல் வகுங்கள். தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 12-ஆவது சரியாக 325-இல் வந்து நிற்கும். வரையும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து போடுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

கதவு செதுக்கும் ரூட்டரில் இவ்வளவு நுணுக்கம் வருமா என்று கேட்பீர்கள். இடத்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். 12-ஆவது ஃப்ரெட் 0.2 மி.மீ. தள்ளிப்போனால் சுருதி ஏறக்குறைய ஒரு சென்ட் மாறும், அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. அது காதுக்குத் தெரியாது. உயிர் போவது பள்ளத்தின் அகலத்தில். அது 0.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 0.7 ஆனால் ஃப்ரெட் கம்பியின் கால் பிடிக்காது, கொஞ்ச நாளில் மேலெழும்பும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் துளி ஆடினாலே பள்ளம் அகலமாகிவிடும். ஆகவே டயல் கேஜ் வைத்து அந்த ஆட்டத்தை முதலில் பாருங்கள். பிட்டைப் பிடிக்கும், கதவு வெட்டிச் சலித்த கோலெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள், பெரிய செலவில்லை. அந்தச் சன்ன பிட் பட்டென்று ஒடியும். ஒரு தடவைக்கு 0.3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள். மேல்வளைவை முதலில் வெட்டி, பள்ளத்தின் அடியும் அந்த வளைவைத் தொடர்ந்தே போகும்படி வரையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் போய்விடும்.

பிரிட்ஜும் மெஷினுக்கு ஏற்றதுதான். அதில் தந்தியைத் தாங்கும் சேடிலின் பள்ளத்தைக் கொஞ்சம் சாய்வாக வைக்க மறக்காதீர்கள். தடித்த தந்திக்கு நீளம் கூடுதலாக வேண்டும்.

மேற்பலகையை மட்டும் மெஷினிடம் முழுதாகக் கொடுக்காதீர்கள். இரண்டரை, மூன்று மி.மீ. கனமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை சுமார் 70 கிலோ தந்தி இழுப்பைத் தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டும். ஒரே கட்டையில் பிளந்த அடுத்தடுத்த பலகைகள்கூட விறைப்பில் ஒன்றுபோல் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே கனத்துக்கு வெட்டினால் ஒன்று செத்த ஒலி தரும், இன்னொன்று வயிறு தள்ளும். அடியில் ஒட்டும் பிரேஸ்களை மெஷினில் அறுத்துக்கொள்ளலாம். அவற்றைச் சீவி இறக்கும்போது மட்டும் பலகையை விரலால் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, உளியால்தான் முடிக்க வேண்டும்.

என் யோசனை, முதல் ஆறு மாதத்துக்குக் கிட்டாரே வெட்டாதீர்கள். எம்டிஎஃப் பலகையில் உடல் அச்சு, பக்கப் பலகையை வளைக்கும் ஃபார்மா, கழுத்து இணைப்புக்கான ஜிக் ஆகியவற்றை வெட்டுங்கள். கட்டிங் டை சரியில்லாமல் தோல் எவ்வளவு பாழாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஃபிங்கர்போர்டும் பிரிட்ஜும் செய்து ரிப்பேர் கடைக்காரர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள்தான் தயவுதாட்சண்யம் இல்லாமல் குறை சொல்வார்கள்.

வேலூர் வெயிலை மறக்காதீர்கள். ஒட்டும் வேலை நடக்கும் அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒட்டிய பலகை சித்திரையில் வெடித்துவிடும். ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். தூசு உறிஞ்சி இல்லாமல் ஸ்பிண்டிலைப் போடாதீர்கள், நல்ல மாஸ்க்கும் வேண்டும்.

கைவேலை என்று விற்பதைப் பற்றி. கலிஃபோர்னியாவின் டெய்லர் கம்பெனி 1990 வாக்கிலேயே கழுத்துகளை சிஎன்சியில் வெட்டத் தொடங்கிவிட்டது, அதை ஒளிக்கவும் இல்லை. வாங்க வருபவரிடம் கழுத்தும் ஃபிங்கர்போர்டும் மெஷினில் வெட்டியவை, மேற்பலகையும் பிரேஸும் என் கை என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கழுத்து ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் கழுத்தை உடைத்துக்கொண்டு வந்தால், அதே இணைப்பில் உட்காரும் புதுக் கழுத்தை உங்களால் வெட்டித் தர முடியும். முழுக்கக் கையால் செய்கிறவர் அதற்குத் திரும்ப அளவெடுத்துப் பொருத்தியாக வேண்டும். வாடிக்கையாளரிடம் இதையும் சொல்லியே விலை கேளுங்கள்.