கோழியின் குடலும் நல்ல கிருமிகளும்

கோழித் தீவனத்தில் 'புரோபயாட்டிக்' என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கலக்கும் வழக்கம் பரவி வருகிறது. தாராவியிலோ செம்பூரிலோ கறிக்கடையில் நின்று பேச்சுக் கொடுத்தால், அதைப் பற்றிப் பல கருத்துகள் காதில் விழும். எது சரி, எது தவறு?

நம்பிக்கை: எல்லாம் பொடி விற்பவர்களின் விளம்பரம்.
உண்மை: இதற்கு அரை நூற்றாண்டு ஆய்வுப் பின்னணி உண்டு. தாய்க்கோழியின் எச்சத்தைக் கொத்தும் குஞ்சுக்கு நல்ல கிருமிகள் தானாகக் கிடைத்துவிடும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளை அத்தகைய குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியின் தொற்று வெகுவாகக் குறைந்தது. 1973-இல் இதை வெளியிட்டார்கள். நல்ல கிருமிகள் முந்திக்கொண்டு இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கின்றன. சில வகைகள் அமிலம் சுரந்து கெட்டவற்றை அடக்குகின்றன. அதனால்தான் குஞ்சின் முதல் சில நாட்கள் மிக முக்கியம்.

நம்பிக்கை: தயிரோ பொடியோ, எது கொடுத்தாலும் பலன் ஒன்றுதான்.
உண்மை: எந்த இனம், எவ்வளவு, எப்போது என்பதைப் பொறுத்தே பலன். தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டைப் பேசில்லஸ் இனத்தின் வித்துகள் தாங்கும். லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் செத்துவிடும். குளோரின் கலந்த குடிநீரில் கரைத்தாலும் இழப்புதான். தயிரில் எந்தக் கிருமி, எத்தனை இருக்கிறது என்பதற்கு உறுதியில்லை.

நம்பிக்கை: புரோபயாட்டிக் கொடுத்தால் கோழிக்கு நோயே வராது.
உண்மை: ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசிதான் வழி. ஈரமான தரை, காற்றோட்டமில்லாத கொட்டகை, நெரிசல் இவற்றின் கேட்டை எந்தப் பொடியும் சரிசெய்யாது.

நம்பிக்கை: புரோபயாட்டிக் கோழி என்றால் ஆன்டிபயாட்டிக் இருக்காது.
உண்மை: ஒரே பண்ணையில் இரண்டையும் கொடுக்க முடியும். தில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. கோழியின் எடை கூடுவதற்காக மருந்து கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட நல்ல கிருமிகள் பண்ணைக்குக் கைகொடுக்கும். அதுவே அவற்றின் பெரும் பயன்.

நம்பிக்கை: அந்தக் கறியைத் தின்றால் நம் வயிற்றுக்கும் புரோபயாட்டிக் கிடைக்கும்.
உண்மை: அவை வாழ்வது கோழியின் குடலில். குடலைக் கடையிலேயே அகற்றிவிடுகிறார்கள். மிச்சம் மீதி இருந்தாலும் அடுப்பில் சாகும். சால்மோனெல்லா கறியில் ஒட்டியிருக்கலாம் என்பதே நாம் கவலைப்பட வேண்டியது. பச்சைக் கறியைக் குழாயடியில் அலசினால் தெறிக்கும் நீர் அதைச் சமையலறை முழுக்கப் பரப்பும். கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறியை உள்வரை வேகவிடுங்கள்.

பண்ணைக்காரர் புரோபயாட்டிக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கொட்டகைச் சுத்தமும் தடுப்பூசியும் மருந்தில் கட்டுப்பாடும் அதோடு சேர வேண்டும். கடைக்காரரிடம் "இந்தக் கோழி எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்களா?" என்று கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கக் கேட்கத்தான் பண்ணைகளும் பதில் சொல்லப் பழகும்.