பற்றவைத்துக் குளிரில் இழுத்த எஃகுக் குழாய்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் மக்காச்சோளமும் பருத்தியும் ஏற்றும் டிராக்டர் டிப்பர் டிரெயிலர்கள் இப்போது அநேகம். தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் எத்தகைய குழாயினால் ஆனது என்பதை அவற்றை வாங்குவோர் அறிந்திருத்தல் அவசியம். பம்பு செட்டில் பூட்டும் குழாயும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் குணத்தில் வேறானவை.

இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றாக இருக்கலாம். நீண்ட எஃகுப் பட்டையை உருளைகளுக்கிடையே செலுத்திச் சிறிது சிறிதாக வளைத்து, இரு விளிம்புகளையும் மின்சாரத்தால் காய்ச்சி அழுத்தினால், வேறு உலோகம் சேராமலே அவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் உள்ளும் புறமும் ஒரு வரம்பு எழும்பும். தண்ணீர்க் குழாயில் வெளிவரம்பை மட்டும் சீவினால் போதும். உள்வரம்பால் நீருக்குக் கெடுதலில்லை.

சிலிண்டருக்கான குழாயிலோ உள்வரம்பையும் சீவிவிடுவார்கள். பின்பு உலையிலிட்டு இளக்கி, அமிலத்தில் கழுவி, வழுவழுப்புப் பூச்சு ஏற்றி, ஒரு முனையைக் குறுக்கி, உள்ளே கட்டையான எஃகு அச்சொன்றை வைத்துக்கொண்டு, குழாயைவிடச் சிறிய துளையின் வழியே காய்ச்சாமலே இழுப்பார்கள். பொற்கொல்லர் கம்பி இழுப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. உலோகம் அழிவதில்லையாதலால், சுவரின் குறுக்குப் பரப்பு ஐந்திலொரு பங்கு குறைந்தால் 4 மீட்டர்க் குழாய் 5 மீட்டராகும். அளவு திட்டமாகும், உட்புறம் வழவழப்பாகும், பலமும் கூடும். வளைந்து கொடுக்கும் தன்மை மட்டும் குறையும். சென்னையை அடுத்த ஆவடியில் 1955-ம் வருஷத்தில் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா ஆலையில் இவ்வகைக் குழாய்கள் செய்யப்படுகின்றன.

இதைக் கிணற்றில் இறக்குவது வீண் செலவு. ஆனால் மலிவு கருதித் தண்ணீர்க் குழாயை அறுத்துச் சிலிண்டராக்குவது அபாயகரமானது. உள்வரம்பு பிஸ்டனின் சீலை அறுக்கும். எண்ணெய் கசிந்து, பாரத்தோடு தூக்கிய தொட்டி தானே இறங்கும்.

ஆகையால் புதுச் சிலிண்டர் கட்டக் கொடுப்பவர்கள், பட்டறையில் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கவும். நெடுக ஒரு கோடு நிரடினால் தள்ளிவிடவும். நிரடாமை மட்டும் போதிய சாட்சியன்று. ஆலையின் பரிசோதனைச் சீட்டையும் கேட்டு வாங்குக. நல்ல குழாயின் நடுவில் கொக்கி, வளையம் முதலியவற்றைப் பற்றவைக்கவும் கூடாது. அந்தச் சூட்டினால் இழுத்தலில் வந்த பலம் அவ்விடத்தில் போய்விடுவதுடன் உள்வட்டமும் கோணும். சிலிண்டர் எவ்வளவு உயர்ந்ததாயினும், தூக்கிய தொட்டிக்கு இரும்புத் தாங்கி கொடாமல் அதன் கீழ் ஒருவரையும் விடலாகாது.