பட்டாவும் வம்சாவளியும்: அவினாசி வட்டார நில ஆவணங்கள் வழியே குடும்ப வரலாறு

அவினாசிக்கும் திருப்பூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள திருமுருகன்பூண்டி, சுந்தரரின் தேவாரம் பெற்ற தலம். சேரமான் பெருமாள் அளித்த பொருள்களைச் சுந்தரர் இவ்வழியே கொண்டுவரும்போது வேடர்கள் பறித்துச் சென்றதாகவும், அவர் இத்தலத்து இறைவனைப் பாடி அவற்றைத் திரும்பப் பெற்றதாகவும் பெரியபுராண மரபு கூறும். தம் உடைமையைத் தமதென்று வாதாடி மீட்ட கதை ஒன்றைத் தலவரலாறாகக் கொண்ட ஊரில் நின்று நில ஆவணங்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமுடையதே.

பின்னலாடைத் தொழில் பெருகப் பெருக இவ்வட்டாரத்தில் தோட்டமும் காடும் ஆலைமனைகளாக மாறின. திருப்பூரின் முதல் பின்னலாடை நிறுவனத்தை 1925-ஆம் ஆண்டளவில் தோற்றுவித்தவர் குலாம் காதர் என்பது தொழில் வரலாற்றில் வழங்கும் செய்தி. அவருக்குப் பின் வந்த தலைமுறைகளில், வேளாண் குடியினர் பலர் முதலில் தொழிலாளராகவும் பின்னர் முதலாளிகளாகவும் மாறிய வரலாற்றைச் சரத் சாரி தம் ஆய்வு நூலில் (2004) விரிவாக எழுதியுள்ளார். நிலம் கைமாறும்போதும், வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்கப்படும்போதும், வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மூலப் பத்திரம் எங்கே? பாட்டனாருக்கு வாரிசுகள் எத்தனை பேர்?” அக்கேள்விக்கு விடை தெரியாத குடும்பங்களே மிகுதி. பாட்டனாரின் தந்தை பெயரைச் சொல்ல முடியாதவர்கள், அவர் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கருக்காகப் பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறுவதைக் காண்கிறோம். குடும்ப வரலாறு இங்கே பெருமைக்குரிய பொழுதுபோக்கு அன்று. ஒரு சகோதரியின் பங்கு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அதைச் சார்ந்தே உள்ளது.

ஆவணங்கள் பிறந்த முறை

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டில் கொங்குப் பகுதி ஆங்கிலக் கும்பினியாரின் ஆட்சிக்கு உட்பட்டது. நொய்யலாற்றை எல்லையாகக் கொண்டு வடபகுதி மெக்ளியாட் என்பவரிடமும் தென்பகுதி ஹர்டிஸ் என்பவரிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1804-இல் இரண்டும் இணைந்து கோயமுத்தூர் ஜில்லாவாயின. அவினாசிச் சீமை ஆற்றுக்கு வடக்கே இருப்பதால் அதன் முதல் கும்பினிக் கணக்குகள் வடபகுதிக்குரியவை. 1887-இல் நிக்கல்சன் வெளியிட்ட கோயமுத்தூர் மாவட்டக் கையேடு இந்நிருவாக வரலாற்றை அறியப் பெரிதும் பயன்படும்.

அதற்கு முற்பட்ட மைசூர் ஆட்சிக் கால ஆவணம் எதுவும் கிடைப்பின் அதன் தேதியைக் கவனமாகப் படித்தல் வேண்டும். திப்பு 1787-ஆம் ஆண்டளவில் ‘மௌலூதி’ என்னும் புதிய ஆண்டுக் கணக்கை நடைமுறைப்படுத்தினார். அதனை ஹிஜ்ரி எனக் கொண்டால் கணக்குப் பிழைபடும்.

கும்பினிக் கால வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் எழுதப்பட்டன. பசலியுடன் 590-ஐக் கூட்டினால் அவ்வாண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1272 என்பது 1862 சூலை முதல் 1863 சூன் வரை. பத்திரங்களில் வரும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் நமக்குப் போதாது. ‘துந்துபி வருடம்’ என்றால் அது 1862-ஆகவும் இருக்கலாம், 1922-ஆகவும் இருக்கலாம், 1982-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு என்பது ஏறத்தாழ இரண்டு தலைமுறை. பேரனுக்குப் பாட்டனார் பெயரிடும் வழக்கமுள்ள நாட்டில் இந்தக் குழப்பம் பாட்டனாரையும் பேரனையும் ஒருவராகவே ஆக்கிவிடும்.

குடும்ப வரலாற்றுக்கு மிகச் செழிப்பான ஊற்று 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளே என்பது எம் கருத்து. கோயில், பள்ளிவாசல், தர்கா, சத்திரம், ஊர்ப்பணி ஆகியவற்றுக்கு விடப்பட்ட இனாம் நிலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முதலில் மானியம் பெற்றவர் யார், முந்தைய கணக்குகளில் யார் பெயர் உள்ளது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் முதல் மானியதாரருக்கு என்ன உறவு என்பவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதிவைத்தனர். ஓர் எழுத்தர் வரி விலக்குக்காக எழுதிய வரியில் நான்கு தலைமுறைகள் வந்து நிற்கும். ஆயினும் இனாம் நிலம் பெற்ற குடும்பங்கள் சிலவே. சாதாரண இராயத்துவாரி உழவனுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவன் பெயர் செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஒரு பட்டா எண்ணோடு மட்டுமே நிற்கிறது.

பின்னோக்கி நடத்தல்

தேடலை இன்றைய பதிவேட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லவேண்டும். முன்னோரில் தொடங்கி இறங்கி வருவோர் பெரும்பாலும் தாம் விரும்பும் முன்னோரையே கண்டடைவர். இப்போதைய பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றிலிருந்து 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டுக்கும், அதிலிருந்து மறு நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும், அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் செல்லுதல் முறை. ஒவ்வொரு கட்டத்திலும் புல எண் மாறியிருக்கும்; உட்பிரிவு பெருகியிருக்கும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை இல்லாமல் இவ்வழி நடப்பது இருட்டில் வரப்புத் தேடுவது போலாகும். இன்று கணினியில் காணும் பட்டா இப்போதைய உரிமையாளரை மட்டுமே காட்டும். அவர் எவ்வாறு உரிமையாளர் ஆனார் என்பதைக் காகிதமே சொல்லும்.

இந்த முறைமை நம் மாணவர்க்குப் புதியதன்று. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் ‘இஸ்னாத்’ என்னும் அறிவிப்பாளர் சங்கிலியை எவ்வாறு சோதித்தனர் என்பதை நினைவுகூர்க. ஒவ்வொரு அறிவிப்பாளரும் தமக்கு முந்தியவரை உண்மையில் சந்தித்தாரா, அவர் நம்பத்தக்கவரா என்று வினவினர். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அறிவிப்பின் தரம் குறைந்தது. வம்சாவளிக்கும் அதுவே அளவுகோல். மகனுக்கும் தந்தைக்கும் இடையே ஓர் ஆவணம் நிற்கவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பலாதுரீ ‘அன்சாபுல் அஷ்ராப்’ என்னும் பெருநூலை எழுதிய மரபில் வந்தவர்கள், தம் சொந்தக் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறையை ‘அரபு நாட்டிலிருந்து வந்தவர்’ என்ற ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவது வியப்புக்குரியது.

பெயரைத் தொடர்வதைவிட நிலத்தைத் தொடர்வது பாதுகாப்பானது. பழம் பத்திரங்களில் ஒரே மனிதர் ஓரிடத்தில் ‘மீரா இராவுத்தர்’, மற்றோரிடத்தில் ‘மீரான் சாயபு’, வேறோரிடத்தில் வெறும் ‘மீரா’ என எழுதப்பட்டிருக்கலாம். கவுண்டர், செட்டியார், முதலியார் குடும்பங்களிலும் இதே நிலைதான். ஆனால் நிலத்தின் நாற்கோண எல்லை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ‘இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, வண்டித் தடத்துக்கு வடக்கு, இன்னார் காட்டுக்குக் கிழக்கு, பள்ளத்துக்குத் தெற்கு’ என்று வரும் எல்லைக் குறிப்பே இரு மீராக்களும் ஒருவரா என்பதைத் தீர்மானிக்கும். எல்லையில் வரும் அண்டை நிலத்தாரின் பத்திரத்தைத் தேடினால், அதன் எல்லைக் குறிப்பில் நம் முன்னோர் வந்து நிற்பார்.

பத்திரப் பதிவு 1865 முதல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தின் முதற் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்களும், மூன்றாம் புத்தகத்தில் உயில்களும் பதிவாகும். பத்திரத்தின் முன்னுரைப் பகுதியைப் படிக்காமல் புரட்டிவிடுவோர் பலர். குடும்பச் செய்தி அங்கேதான் உள்ளது. ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டது’ என்றால் தந்தை வழி வந்தது. ‘சுயார்ஜிதம்’ என்றால் தாமே ஈட்டியது. இவ்விரு சொற்களின் வேறுபாட்டில் சமஸ்தானங்களே கைமாறியுள்ளன.

நீதிமன்றம் எழுதிய வம்சாவளி

சிவகங்கை வழக்கு இதற்குத் தக்க சான்று. 1829-இல் கௌரி வல்லப உடையத் தேவர் ஆண்வாரிசின்றி இறந்தார். சமீன் அவர் அண்ணன் வழியினரிடம் சென்றது. சமீன் அவருடைய சுயார்ஜிதம் என்றும், எனவே மனைவியருக்கும் மகளுக்கும் உரியது என்றும் பெண்கள் வழக்காடினர். முப்பதாண்டுகளுக்கும் மேல் நீண்ட அவ்வழக்கில் 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கூட்டுக் குடும்பமாயினும் சுயார்ஜிதச் சொத்து தனியே இறங்கும் என்பது அதன் சாரம். இவ்வாறான வழக்குகளின் அச்சிட்ட தீர்ப்புகளில், குடும்பத்தாரே மறந்துவிட்ட உறவுகள் அட்டவணையாகப் பதிவாகியுள்ளன.

எளிய குடும்பங்களின் பாக வழக்குகளிலும் வம்சாவளி இணைக்கப்படும். ஆனால் அது வாதியின் வம்சாவளி. தமக்கு இடையூறான ஒரு கிளை ‘சந்ததி இல்லை’ என்று எழுதப்பட்டிருக்கக்கூடும். ஆகவே வழக்குரையோடு எதிர்வழக்குரையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். இரு தரப்பும் கடுமையாகச் சண்டையிட்ட பகுதியைவிட, இரு தரப்பும் மறுக்காமல் விட்ட பகுதியே ஆய்வாளனுக்கு மதிப்புடையது. இறந்தவர் வழக்கு எழுவதற்கு முன்பே உயில், பத்திரம், கல்லறைக் கல் முதலியவற்றில் உறவு பற்றிக் கூறியதைச் சாட்சியமாக ஏற்கும் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதியும் இதே எண்ணத்தில் பிறந்ததே. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. கபர்ஸ்தானில் பாசி படிந்து நிற்கும் மீசான் கல் ஒன்று, சண்டை தொடங்கும் முன்னரே பேசிய சாட்சி.

விடுபட்டவர்கள்

இவ்வாவணங்கள் எல்லாரையும் சமமாக நினைவில் வைத்திருக்கவில்லை. பெண்கள் முதலில் விடுபட்டவர்கள். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முற்பட்ட இந்துக் கூட்டுக் குடும்பப் பாகப் பத்திரங்களில் தந்தையும் ஆண்மக்களும் வரிசையாகப் பெயர் பெறுவர். மகளிர் பெரும்பாலும் காணப்படார். முஸ்லிம் குடும்பப் பத்திரங்களில் நிலைமை வேறு. இறந்தவரின் மனைவி, தாய், மகள் ஆகிய ஒவ்வொருவருக்கும் பின்னக் கணக்கில் பங்கு உண்டாதலால் அவர்களைப் பெயர் சொல்லாமல் சொத்தைப் பிரிக்க இயலாது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. இதனால் நம் பெண்கள் யாவரும் பங்கு பெற்றனர் என்று எண்ணிவிடலாகாது. சகோதரருக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் எத்தனையோ. எனினும், பங்கை விட்டுக்கொடுத்த பத்திரத்தின் அடியிலாவது அவள் கைநாட்டும் தந்தை பெயரும் கணவர் பெயரும் நிற்கின்றன. குடும்ப மரத்தின் பெண்கிளைகளை வரைய விரும்புவோர் பாகப் பத்திரத்தைவிட விடுதலைப் பத்திரத்தையே முதலில் தேடுக.

நிலமற்றவர்கள் அடுத்தவர்கள். பட்டாவில் இடம்பெறாத அவர்கள் சாட்சிக் கையொப்பத்தில், கடன் சீட்டில் ஒளிந்திருப்பர். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கணக்குகள், அம்மக்களில் ஒரு பகுதியினரது பெயர்களை எழுத்தில் கொணர்ந்தன. கடல் கடந்தவர்களுக்கோ வேறு வகைச் சான்று உண்டு. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் சேர்ந்தது முதல் 1911 வரை சென்ற ஒன்றரை இலட்சம் பேருக்கு, தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பற் பட்டியல் எழுதப்பட்டது. ஊரிலிருந்து ஓர் ஏக்கரும் இல்லாமல் புறப்பட்ட கூலியாளின் தந்தை பெயர் இவ்வாறு ஆப்பிரிக்காவில் பத்திரமாக உள்ளது. ஊரிலேயே இருந்து கிஸ்தி கட்டிய அவர் பங்காளியின் தந்தை பெயரை நாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.