பிடித்த பிரேக் விட்டதா என்று பாருங்கள்

மோட்டார் ஹோம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு ஜீப்பின் பிரேக்கைச் சுட்டுத் தீர்த்தேன். ஊர், அரிசோனாவில் மேசா. ஜனவரி மாதம். வடக்கே பனி கொட்டும்போது வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு தெற்கே இறங்கிவரும் ஓய்வுபெற்ற தம்பதிகளால் பட்டறை நிரம்பி வழியும் காலம். ஒரு பெரியவர், மோட்டார் ஹோமுக்குப் பின்னால் இழுத்துப்போகும் தன் ஜீப்புக்காகப் பெட்டி வகைத் துணை பிரேக் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தார். ஜீப்பின் பிரேக் பெடலுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே தரையில் வைக்க வேண்டியது. அதன் கை பெடலைக் கவ்விக்கொள்ளும்; மோட்டார் ஹோம் பிரேக் போடும்போது பெடலை அமுக்கும். பத்து நிமிட வேலை. வைத்தேன். பெட்டி ஆடக் கூடாதே என்று இருக்கையை முன்னால் இழுத்து நெருக்கினேன். அனுப்பிவிட்டேன்.

அவர் போக வேண்டிய குவார்ட்சைட் சுமார் 150 மைல். பாதி வழியில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்து ஓரங்கட்டச் சொன்னாராம். இறங்கிப் பார்த்தால் நான்கு சக்கரத்திலும் புகை. டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது. ஜீப்பின் பேட்டரியிலும் உயிர் இல்லை.

நான் இருக்கையை நெருக்கியதில் பெடல் ஒரு விரற்கடை அமுங்கியிருந்தது. அவ்வளவுதான் தவறு. பெடல் அமுங்கினால் ஜீப்பின் பின்விளக்கு எரியும். பட்டறை வாசலை விட்டுக் கிளம்பும்போதே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அரிசோனா மதிய வெயிலில் அது என் கண்ணில் படவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, பிரேக் ஒழுங்காகப் பிடிக்குமா என்று. பிடிக்கும், அதற்காகத்தான் செய்து விற்கிறார்கள். பட்டறைக்குத் திரும்பி வந்தவற்றில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல், பிடித்ததை விடாமல் போனவைதான். அதனால் மாட்டுவதில் தொடங்கி சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை, ‘விடுகிறதா’ என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஹோமுக்குப் பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகும் காரை இங்கே ‘டோட்’ என்பார்கள். இழுக்கப்படுவது என்பதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. முகாமில் பெரிய வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போக இந்தத் தேரைதான் உதவும். நான்கு கதவு ஜீப் ராங்லர் என்றால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இழுக்கும் வண்டி ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ் என்றால் மாடலைப் பொறுத்து சுமார் ஏழு டன்னிலிருந்து பன்னிரண்டு டன் வரை. “பன்னிரண்டு டன்னை நிறுத்தும் பிரேக் இன்னும் இரண்டு டன்னை நிறுத்தாதா?” என்று வாடிக்கையாளர் கேட்பார். இரண்டு எடை அளவுகளைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். வண்டியின் பிரேக் பொதுவாக அந்த வண்டிக்கு மட்டும் அனுமதித்த மொத்த எடைக்குத்தான் வடிவமைக்கப்படுகிறது. இழுபடும் வண்டியையும் சேர்த்த கூட்டு எடை என்று இன்னொரு எண் இருக்கும். இழுபடும் வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்ற கணக்கில் தரப்படுவது அது. சட்டமும் உண்டு: அமெரிக்காவில் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் இழுபடுவதற்குத் தனி பிரேக் வேண்டும், சில மாநிலங்களில் அதைவிடக் குறைந்த எடைக்கே வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்குத்தான் நாம் வேலை செய்கிறோம் என்பதால் எல்லோருக்கும் போட்டுவிடச் சொல்வேன்.

ஜாப் கார்டு எழுதும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பெரிய வண்டியில் ஏர் பிரேக்கா, ஹைட்ராலிக்கா? இழுக்கப்போவது எப்போதும் ஒரே காரா? அந்தக் கார் எந்த ஆண்டு மாடல்?

டீசல் எஞ்சின் பின்னால் இருக்கும் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் ஏர் பிரேக். அந்தக் காற்றையே ஒரு ஹோஸ் வழியாகக் காருக்குக் கொண்டுபோகும் ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்ற வகை அங்கே சரிப்படும். பெரிய வண்டி எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறதோ அதே அளவில் காரும் பிடிக்கும். ஹைட்ராலிக் வண்டி, கார் மாறாது என்றால் ஸ்டே-இன்-ப்ளே டுயோ, இன்விசிபிரேக் மாதிரி நிரந்தரமாக மாட்டுவது. ஆண்டுக்கு இரண்டு பயணம், இன்று ஒரு கார் நாளை வேறு கார் என்பவருக்கு பிரேக் பட்டி, பேட்ரியட் போன்ற பெட்டி போதும். விலை கூடியதைத் தள்ளிவிடச் சொல்லி சர்வீஸ் அட்வைசர் கண் காட்டுவார். காட்டட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து பெட்டியை வைக்க முடியாத முதுகுவலிக்காரருக்குப் பெட்டியை விற்றால், மூன்றாவது பயணத்தில் அது வண்டியின் அடி அறையில் தூங்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாக் காரையும் நான்கு சக்கரத்தில் இழுக்க முடியாது. ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை இழுக்கலாம். 2015-இல் கியர்பாக்ஸ் மாறியது, அதோடு அனுமதியும் போயிற்று. பெயர் அதேதான், தோற்றமும் ஏறக்குறைய அதேதான். காரின் உரிமையாளர் கையேட்டில் இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தைப் படித்து, அதைப் போட்டோ எடுத்து ஜாப் கார்டோடு இணைத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடவேண்டும். பிறகு கியர்பாக்ஸ் போனால் அந்தப் போட்டோதான் உங்களைக் காப்பாற்றும்.

இனி பெடல். எஞ்சின் அணைந்த காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று மிதி மெத்தென்று இறங்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் செய்கிற உதவி அது. பிறகு கல் மாதிரி இறுகிவிடும். பெட்டி வகைகளில் பலவும் இந்தக் கல்பெடலைத் தள்ளுவதற்கென்றே அளவு வைத்துச் செய்யப்பட்டவை. அதனால் வைப்பதற்கு முன் நாலைந்து முறை மிதித்து பூஸ்டரைக் காலிசெய்ய வேண்டும். மறந்தால் முதல் பிடியிலேயே சக்கரம் பூட்டிக்கொண்டு டயரைத் தேய்க்கும். கலப்பின கார்களிலும் மின்சார பூஸ்டர் வைத்த புதிய கார்களிலும் இன்னொரு சிக்கல்: எஞ்சின் ஓடாவிட்டாலும் பெடல் உதவி உயிரோடு இருக்கலாம். கல்பெடலுக்கான பலத்தோடு மெத்தென்ற பெடலைத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கென்று தனி செட்டிங் உள்ள பெட்டியா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நிரந்தர வகைகளில் சில, பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தாங்களே கொடுக்கும். அதற்காக பூஸ்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ஹோஸை வெட்டி ஒரு டி-ஜாயின்ட் போடுவோம். அந்த ஜாயின்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒருவழி வால்வு வரும். கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் துண்டு. இதைத் திருப்பிப் போட்டால் துணை பிரேக் உண்டாக்கும் வேக்குவம் எஞ்சின் வழியே கசிந்துவிடும். அதோடு, வாடிக்கையாளர் முகாமில் காரைக் கழற்றி, எஞ்சினை ஓட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது பூஸ்டருக்கு வேக்குவம் போகாது. கல்பெடலோடு தெருவில் நிற்பார். மாட்டுவதற்கு முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று எஞ்சின் பக்கமாக மட்டும் போக வேண்டும். எங்களிடம் பழகவந்த பையன் அதன் மேலிருந்த அம்புக்குறியைக் காட்டி, “அண்ணே, இதுலதான் போட்டிருக்கே, எதுக்கு ஊதணும்?” என்றான். அம்புக்குறி எதைக் குறிக்கிறது, காற்றையா வேக்குவத்தையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊதினான்.

வயரிங்கில் மூன்றே இடம்தான் தொல்லை. ஒன்று, எர்த். பெயின்டின் மேல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று நம்பாதீர்கள். சுரண்டி, பளபளப்பான இரும்பில் வையுங்கள். இரண்டு, பேட்டரி. இழுத்துப் போகும் நேரமெல்லாம் கரண்ட் குடிக்கும் சாதனம் இது. பெடல் அமுங்கும்போதெல்லாம் காரின் பிரேக் விளக்கும் சேர்ந்து குடிக்கும். பெரிய வண்டியிலிருந்து ஒரு சார்ஜ் வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுவிடுங்கள். மூன்று, பிரேக் விளக்கு சிக்னல். பெரிய வண்டியின் விளக்குச் சிக்னல் காருக்குள் வரும் இடத்தில் டயோடு இல்லாவிட்டால் இரண்டு வண்டியின் கரண்டும் கலந்து, திருப்பு விளக்கு போட்டால் இரண்டு பக்கமும் எரிகிற கூத்தெல்லாம் நடக்கும்.

டீசல் வண்டிகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது; ஃபீனிக்ஸ் 1,100 அடி. இடையே 17-ஆம் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் இறக்கம். ஓட்டுநர் காலை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறக்குவார். சில வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலே பின்விளக்கு எரியும். விளக்குச் சிக்னலை மட்டும் நம்பும் துணை பிரேக், இறக்கம் முழுக்கக் காரைப் பிடித்தபடியே வரும்; கீழே வந்து சேரும்போது என் பழைய ஜீப்பின் கதைதான். விளக்குச் சிக்னல், வேகம் குறையும் உணர்வு இரண்டும் சேர்ந்தால் மட்டுமே பிடிக்கும் வகை இங்கே நல்லது. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி, பின்னால் நின்று விளக்கைப் பாருங்கள்.

கார் அறுத்துக்கொண்டு போனால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்ச்சின் கயிற்றைப் பெரிய வண்டியின் உடலிலேயே கட்டுங்கள். இழுவைக் கம்பியில் கட்டினால், கம்பியே கழன்று காரோடு போகும்போது கயிறு இழுபடாது. முழு வளைவு திரும்பினாலும் இறுகாத நீளம், ஆனால் தரையில் உரசாத நீளம். சுவிட்ச்சின் பின்னை இழுத்து, பெடல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். செருகிய பிறகு பெடல் முழுதாக மேலே வந்ததா என்றும் பாருங்கள். பலர் பின்னைச் செருகியதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து டெஸ்ட் டிரைவ். காலி மைதானத்தில் மணிக்கு 25 மைல் வேகத்தில் நாலைந்து முறை பிடித்து, கார் பின்னாலிருந்து உந்துகிறதா, வெடுக்கென்று இழுக்கிறதா என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இது எல்லோரும் செய்வது. அதன்பின் சில மைல், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தி, காரின் நான்கு டிஸ்க்கிலும் வெப்பமானியைக் காட்டுங்கள். பிரேக்கே போடாத ஓட்டத்தில் சூடு இருந்தால் எங்கோ உரசுகிறது. நான்கு எண்ணையும் ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். பின்னோக்கி மட்டும் நகர்த்தாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும் காரை ரிவர்ஸ் எடுத்தால் முன்சக்கரம் குறுக்கே திரும்பி இழுவைக் கம்பி வளையும். முட்டுச் சந்தில் நுழைந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இந்த டெஸ்ட் டிரைவுக்கு யார் காசு கொடுப்பது? வேலைக்கு இத்தனை மணி என்று கணக்கிட்டுச் சம்பளம் தரும் பட்டறையில், சாலையில் கழியும் அரை மணி உங்கள் பையிலிருந்து போகும். அதனால்தான் பலரும் தவிர்க்கிறார்கள். எஸ்டிமேட் போடும்போதே அதைத் தனி வரியாக எழுதவையுங்கள். காரணம் சொன்னால் வாடிக்கையாளர் மறுப்பதில்லை, மேலாளர்தான் முனகுவார்.

இந்தத் தொழிலைப் படித்துக்கொண்டு வர விரும்பினால், மோட்டார் ஹோம் தொழிலின் தலைநகரான இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டில் தொழில் சங்கமே நடத்தும் ஆர்வி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் நான்கு நிலைகளில் சான்றிதழ் தருகிறது. கனடாவில் இது நாடு முழுக்கச் செல்லும் ரெட் சீல் தொழில்களில் ஒன்று. கார் மெக்கானிக்காக இருந்து வருகிறவருக்கு பிரேக் தெரியும், வீட்டுப் பகுதி தெரியாது. எலக்ட்ரீஷியனுக்கு அதற்கு நேர்மாறு. துணை பிரேக் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்குப் பட்டறையில் தனி மதிப்பு.

கடைசியாக, ஒப்படைப்பது. நீங்கள் செய்துகாட்டாதீர்கள். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கணவன் மனைவி இருவரையும் ஆளுக்கொரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். கியரை நியூட்ரலில் விடுவது, ஸ்டியரிங் பூட்டைத் திறந்து வைப்பது, கயிறு, பின், பெடல் எல்லாவற்றையும் வரிசைப்படி ஒரு அட்டையில் எழுதி, லேமினேட் செய்து கண்ணாடிக்கு மேல் செருகிவிடுங்கள்.

ஜீப் பெரியவர் அடுத்த ஆண்டும் வந்தார். புது டிஸ்க்கும் பேடும் பட்டறைக் கணக்கில் போயிருந்ததால் கோபம் ஆறியிருந்தது. அட்டையைப் பார்க்காமலே பெடலை ஐந்து முறை மிதித்து எண்ணினார், பெட்டியை வைத்தார், இருக்கையை நகர்த்தி, பெட்டியைத் தொட்டதும் நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துப் பின்பக்கம் கையைக் காட்டினார். நான் போய்க் குனிந்து, பின்விளக்கின் மேல் இரண்டு கையையும் குவித்து வெயிலை மறைத்துப் பார்த்தேன். எரியவில்லை.